நெட்லோகோவில் ஏஜெண்ட் உருவாக்கும்போது வரும் கான்டெக்ஸ்ட் பிழைகள்: முழுமையான வழிகாட்டி

“கிரியேட்-டர்டில்ஸை டர்டில் கான்டெக்ஸ்ட்டில் பயன்படுத்த முடியாது, அது அப்சர்வருக்கு மட்டுமே உரியது.” ஏஜெண்ட் எனப்படும் தனித்தனி உறுப்புகளைக் கொண்டு மாடல் எழுதும் நிரல்மொழியான நெட்லோகோவில் பழகுகிறவர்கள் மிகச் சீக்கிரமே பார்த்துவிடுகிற செய்தி இது. பார்த்ததும் பலரும் அந்த வரியை ஓர் ஆஸ்க்குக்குள் (ஏஜெண்ட்களிடம் வேலை சொல்லும் கட்டளை) தூக்கிப் போடுவார்கள், அல்லது வெளியே எடுப்பார்கள், அல்லது கிரியேட்டை ஹேட்ச் என்று மாற்றிப் பார்ப்பார்கள். ஏதோ ஒரு கட்டத்தில் செய்தி மறைந்துவிடும், மாடலும் ஓடும். ஆனால் ஓடுவது நாம் மனதில் வைத்திருந்த மாடல்தானா?

இந்தப் பிழையை எழுத்துப்பிழை போல நினைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. “இந்த ஏஜெண்ட்டைப் பிறப்பிப்பது யார்?” என்று கம்பைலர் (நிரலை ஓட்டும் முன் சரிபார்த்து மொழிபெயர்க்கும் பகுதி) கேட்கிறது. அது மாடலைப் பற்றிய கேள்வி. பதில் தெரிந்துகொண்டு திருத்தினால் பிழையும் போகும், மாடலும் சரியாக இருக்கும். பதில் தெரியாமல் திருத்தினால் பிழை மட்டும்தான் போகும்.

படிக்கும் முன் ஒன்று: கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எடிட்டரில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் செய்கிறார்

யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கிய நெட்லோகோவில் ஏஜெண்ட் நான்கு வகை. நகரக்கூடியவை டர்டில்கள். அவை நிற்கும் தரையின் கட்டங்கள் பேட்ச்கள். இரண்டு டர்டில்களை இணைப்பவை லிங்க்குகள். இவை எல்லாவற்றையும் வெளியே இருந்து பார்த்துக் கட்டளையிடுவது அப்சர்வர்; அதற்கு இடமும் இல்லை, நிறமும் இல்லை.

“வந்தேன்” என்று மட்டும் எழுதினாலும் வந்தது நான் என்று தெரிகிறது. தமிழ் இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்கிறது. நெட்லோகோவின் ஒவ்வொரு வரியிலும் அப்படியொரு தோன்றா எழுவாய் ஒளிந்திருக்கிறது. ‘ஃபார்வர்ட் 1’ என்றால் முன்னே நகர்வது யார்? வரியில் பெயர் இல்லை. அந்த வரி எந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது என்பதுதான் பெயரைச் சொல்கிறது. கான்டெக்ஸ்ட் என்பது அந்த மறைந்திருக்கும் எழுவாய்தான்.

அது எங்கே மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆஸ்க் என்று எழுதி ஒரு கூட்டத்தைக் குறிப்பிட்டால், அடுத்து வரும் சதுர அடைப்புக்குறிக்குள் செய்பவர் அந்தக் கூட்டத்தின் உறுப்பினர். கிரியேட்-டர்டில்ஸ், ஸ்ப்ரவுட், ஹேட்ச் இவற்றுக்குப் பின் வரும் அடைப்புக்குறிக்குள் செய்பவர் இப்போதுதான் பிறந்த டர்டில். கிரியேட்-லிங்க்-வித் என்பதன் அடைப்புக்குள் செய்பவர் புதிய லிங்க். வித், ஆஃப் ஆகியவற்றோடு வரும் அடைப்புக்குள்ளும் எழுவாய் மாறும். ஆனால் இஃப், இஃப்எல்ஸ், ரிப்பீட், வைல், ஃபோர்ஈச் எதுவும் எழுவாயை மாற்றாது. அடைப்புக்குறியைக் கண்டாலே கான்டெக்ஸ்ட் மாறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ரிப்பீட் 10 என்று அப்சர்வர் சொன்னால் பத்து முறையும் செய்வது அதே அப்சர்வர்தான்.

முதல் படி: செய்தியை முழுதாகப் படியுங்கள்

செய்தியில் மூன்று தகவல்கள் இருக்கும். எந்தக் கட்டளை தடுக்கப்பட்டது, அந்த இடத்தில் செய்பவர் யார் என்று கம்பைலர் நினைக்கிறது, அந்தக் கட்டளை உண்மையில் யாருக்கு உரியது. நடுவில் இருப்பதைத்தான் பலர் படிப்பதில்லை. அதுதான் முக்கியமானது.

எளிய உதாரணம் ஒன்று.

டு செட்டப்
  கிளியர்-ஆல்
  கிரியேட்-டர்டில்ஸ் 50
  செட் கலர் ரெட்
  ரீசெட்-டிக்ஸ்
எண்ட்

இங்கே ‘செட் கலர்’ வரியில் பிழை வரும். ஐம்பது டர்டில்கள் பிறந்துவிட்டன, ஆனால் அடுத்த வரியைச் செய்பவர் இன்னமும் அப்சர்வர். அப்சர்வருக்கு நிறம் கிடையாது. பிறந்தவர்களே தங்கள் நிறத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் அந்த வரி அவர்களுடைய அடைப்புக்குள் போக வேண்டும்:

  கிரியேட்-டர்டில்ஸ் 50 [
    செட் கலர் ரெட்
    செட்எக்ஸ்ஒய் ரேண்டம்-எக்ஸ்கோர் ரேண்டம்-ஒய்கோர்
  ]

இதுவரை சுலபம். கம்பைலர் சுட்டிக்காட்டும் வரியே தவறான வரியாக இல்லாதபோதுதான் குழப்பம் வருகிறது. நெட்லோகோவில் ஒரு புரொசீஜர் (டு என்று தொடங்கி எண்ட் என்று முடியும், பெயரிட்ட கட்டளைத் தொகுப்பு) யாருக்கானது என்று நாம் எங்கும் அறிவிப்பதில்லை. உள்ளே இருக்கும் கட்டளைகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, யாரால் இதைச் செய்ய முடியும் என்று கம்பைலரே கணித்துக்கொண்டு போகிறது. தொடக்கத்தில் நால்வராலும் முடியும். டர்டிலுக்கு மட்டுமே உரிய ஒரு கட்டளை வந்ததும் மற்ற மூவரும் கழிந்துவிடுவார்கள். இதைப் பாருங்கள்:

டு ஆட்-பீப்பிள்
  செட் எனர்ஜி 10
  கிரியேட்-பீப்பிள் 5
எண்ட்

பீப்பிள் என்பது நாம் அறிவித்த டர்டில் இனம். எனர்ஜி என்பது டர்டில்ஸ்-ஓனில் அறிவித்த மாறி, அதாவது ஒவ்வொரு டர்டிலும் தனித்தனியே வைத்திருக்கும் மதிப்பு. முதல் வரியிலேயே “இது டர்டிலுக்கான புரொசீஜர்” என்று கம்பைலர் முடிவு கட்டிவிட்டது. அதனால் இரண்டாவது வரிக்கு வரும்போது, “கிரியேட்-பீப்பிளை டர்டில் செய்ய முடியாது” என்று புகார் சொல்கிறது. உண்மையில் கிரியேட் வரி சரியான இடத்தில்தான் இருக்கிறது. இடம் மாறியிருப்பது எனர்ஜி வரி. ஆகவே சுட்டிக்காட்டப்பட்ட வரியில் கை வைக்கும் முன், அதற்கு மேலே உள்ள வரிகளில் எது இந்த எழுவாயைத் தீர்மானித்தது என்று தேடுங்கள்.

புரொசீஜரை அழைக்கும் இடத்திலும் இதே கணக்குதான். ‘பிளேஸ்-மீ’ என்ற புரொசீஜருக்குள் ஃபார்வர்ட் இருந்தால், அந்தப் புரொசீஜரே டர்டிலுக்கு மட்டும் உரியதாகிவிடும். செட்டப்பிலிருந்து அதை ஆஸ்க் இல்லாமல் அழைத்தால், அழைத்த வரியில் பிழை தெரியும்; காரணமோ பல வரிகள் தள்ளி, இன்னொரு புரொசீஜருக்குள் இருக்கும்.

இரண்டாம் படி: செய்பவர் யார் என்று உறுதிசெய்யுங்கள்

பிழை வந்த வரியிலிருந்து வெளிப்பக்கமாக நடந்து போங்கள். முதலில் எதிர்ப்படும் திறந்த சதுர அடைப்புக்குறி எதற்குச் சொந்தமானது? இஃப் அல்லது ரிப்பீட்டுக்கு என்றால் அதைத் தாண்டிப் போங்கள். ஆஸ்க், கிரியேட், ஸ்ப்ரவுட், ஹேட்ச் என்றால் நில்லுங்கள்; எழுவாய் கிடைத்துவிட்டது. புரொசீஜரின் தலைவரை போய்விட்டீர்கள் என்றால், அதை அழைத்தவர் யார் என்று பார்க்க வேண்டும்.

நிரல் நீளமாகி அடைப்புக்குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்விட்டால் கண்ணால் தேடுவது சிரமம். அப்போது, பிழை வரும் வரியின் முன்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு அதைத் தற்காலிகமாக முடக்குங்கள். அதே இடத்தில் ‘ஷோ’ கட்டளையோடு ஏதேனும் ஒரு எண்ணை எழுதி ஓட்டுங்கள். பிரிண்ட் வெறும் மதிப்பை மட்டும் காட்டும். ஷோ அதைச் செய்த ஏஜெண்ட்டின் பெயரையும் முன்னால் சேர்த்துக் காட்டும். ‘அப்சர்வர்: 1’ என்று வந்தால் வெளியே இருக்கிறீர்கள். ‘டர்டில் 7’, ‘டர்டில் 12’ என்று வரிசையாக வந்தால் ஒவ்வொரு டர்டிலும் அந்த வரியைத் தனித்தனியே செய்கிறது. எத்தனை வரிகள் வருகின்றன என்பதையும் கவனியுங்கள். ஒருமுறை நடக்க வேண்டிய உருவாக்கம் நூறு முறை நடக்கப் போகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: பிறப்பிப்பவரைத் தேர்ந்தெடுங்கள்

டர்டில் பிறக்க மூன்று வழிகள். கிரியேட்-டர்டில்ஸ், கிரியேட்-ஆர்டர்ட்-டர்டில்ஸ் இரண்டும் அப்சர்வருக்கு. ஸ்ப்ரவுட் பேட்ச்சுக்கு. ஹேட்ச் டர்டிலுக்கு. தனி இனம் அறிவித்திருந்தால் கிரியேட்-வுல்வ்ஸ், ஸ்ப்ரவுட்-வுல்வ்ஸ், ஹேட்ச்-வுல்வ்ஸ் என்று அதே மூன்று வழிகள் இனத்தின் பெயரோடு கிடைக்கும்.

‘ஆஸ்க் டர்டில்ஸ் [ கிரியேட்-டர்டில்ஸ் 1 ]’ என்பதைக் கம்பைலர் ஏற்காது. ‘ஹேட்ச் 1’ என்று மாற்றினால் ஏற்கும். ‘ஆஸ்க் பேட்சஸ் [ ஹேட்ச் 1 ]’ என்பதை ஏற்காது. ‘ஸ்ப்ரவுட் 1’ என்றால் ஏற்கும். இந்த அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. மூன்று கட்டளைகளும் ஒரே வேலையின் மூன்று பெயர்கள் அல்ல. பிறக்கும் டர்டில் என்னவெல்லாம் கொண்டு பிறக்கிறது என்பது மூன்றிலும் வேறுபடும்.

கிரியேட்-டர்டில்ஸில் பிறப்பவை எல்லாம் 0, 0 என்ற ஆயத்தொலைவில், ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும். நீங்கள் அறிவித்த மாறிகள் எல்லாம் 0. ஸ்ப்ரவுட்டில் பிறப்பவை அந்தப் பேட்ச்சின் நடுவில் நிற்கும். அறிவித்த மாறிகள் இங்கும் 0. ஹேட்ச்சில் பிறப்பது பெற்றவரின் நகல். இடம், நிறம், திசை, நீங்கள் அறிவித்த எல்லா மாறிகளும் அப்படியே வரும்; ஹூ எண், அதாவது ஒவ்வொரு டர்டிலுக்கும் உரிய அடையாள எண், மட்டும் புதிது.

இதன் விளைவைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒரு டர்டிலிடம் எனர்ஜி 20 இருக்கிறது. ‘ஹேட்ச் 1’ என்றதும் குழந்தையிடமும் 20. மாடலின் மொத்த ஆற்றல் ஒரு நொடியில் 20 கூடிவிட்டது, எதையும் தின்னாமலே. பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபடத்தில் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும்; மாடல் சொல்லும் கண்டுபிடிப்பு என்று அதை நம்பிவிடவும் கூடும். நெட்லோகோவின் மாடல் நூலகத்தில் உள்ள ஓநாய்–செம்மறி மாடலைத் திறந்து, இனப்பெருக்கப் புரொசீஜரைப் பாருங்கள். ஹேட்ச்சுக்கு முந்தைய வரி எனர்ஜியை இரண்டால் வகுக்கிறது. பெற்றவரிடம் பாதி, நகலில் பாதி, மொத்தம் மாறவில்லை. அந்த ஒற்றை வரிதான் அந்த மாடலை நியாயமானதாக வைத்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. உங்கள் மாடலில் புதிதாக வருபவர் வெளியூரிலிருந்து குடியேறுபவர் என்றால், ஹேட்ச் தவறு. அவர் யாருடைய நகலும் அல்ல. அப்போது உருவாக்கும் வரியை ஆஸ்க்கிலிருந்து வெளியே எடுத்து, மாடலின் ஒவ்வொரு படியையும் ஓட்டும் ‘கோ’ புரொசீஜரில் அப்சர்வரிடமே விட வேண்டும். டர்டில் நிற்கும் இடத்தில்தான் புதியவர் பிறக்க வேண்டும், ஆனால் நகலாக இருக்கக் கூடாது என்றால், டர்டிலே தன் காலடிப் பேட்ச்சிடம் கேட்கலாம்:

  ஆஸ்க் பேட்ச்-ஹியர் [ ஸ்ப்ரவுட்-பீப்பிள் 1 [ செட் எனர்ஜி 5 ] ]

ஸ்ப்ரவுட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. அது எண்ணிக்கை. நெட்லோகோவின் இயல்பான உலகம் 33-க்கு 33, அதாவது 1089 பேட்ச்கள். நூறு பேர் வேண்டும் என்று நினைத்து, பிழையை அடக்குவதற்காக ‘ஆஸ்க் பேட்சஸ் [ ஸ்ப்ரவுட் 100 ]’ என்று எழுதினால் பிறப்பது 1,08,900 பேர். ‘ஆஸ்க் ஒன்-ஆஃப் பேட்சஸ் [ ஸ்ப்ரவுட் 100 ]’ என்றால் எண்ணிக்கை சரி, ஆனால் எல்லோரும் ஒரே கட்டத்தில் குவிந்திருப்பார்கள். ஒரு கட்டத்துக்கு ஒருவர் என்று நூறு வெவ்வேறு கட்டங்களில் வேண்டுமானால் இதுதான் வழி:

  ஆஸ்க் என்-ஆஃப் 100 பேட்சஸ் [ ஸ்ப்ரவுட் 1 ]

கோப்பிலிருந்து தரவை எடுத்து ஏஜெண்ட் உருவாக்கும்போது அப்சர்வரே நல்ல தேர்வு. ஃபோர்ஈச் எழுவாயை மாற்றாது என்று பார்த்தோம் அல்லவா, அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் ‘கிரியேட்-பீப்பிள் 1’ என்று அதற்குள் எழுதி, அதன் அடைப்புக்குள் அந்த வரிசையின் மதிப்புகளைக் கொடுத்தால் போதும். ஆஸ்க் தேவையே இல்லை.

பெற்றவரின் மதிப்பைக் குழந்தைக்குக் கடத்துவது

பிறந்தவரின் அடைப்புக்குள் நுழைந்ததும் எழுவாய் மாறிவிடுகிறது. அப்போது பழைய எழுவாயின் மாறியை எப்படி எடுப்பது? இரண்டு வழி உண்டு. ஒன்று, உள்ளே நுழையும் முன்பே லெட் மூலம் ஒரு உள்மாறியில் போட்டுவைப்பது. ‘லெட் சி கலர்’ என்று எழுதிவிட்டால் அந்த சி அதன் பின் உள்ளே வரும் எந்த அடைப்புக்குள்ளும் தெரியும். மற்றொன்று மைசெல்ஃப். செல்ஃப் என்றால் இப்போது செய்பவர், மைசெல்ஃப் என்றால் அவரைச் செய்யச் சொன்னவர். ஸ்ப்ரவுட் அடைப்புக்குள் மைசெல்ஃப் என்பது பேட்ச், ஹேட்ச் அடைப்புக்குள் அது பெற்றவர்.

ஆனால் மேலே பார்த்த பேட்ச்-ஹியர் உதாரணத்தில், ஸ்ப்ரவுட்டுக்குள் மைசெல்ஃப் என்று எழுதினால் கிடைப்பது முதல் டர்டில் அல்ல, நடுவில் இருக்கும் பேட்ச். ஒரு படிதான் பின்னே போக முடியும். அடுக்கு இரண்டுக்கு மேல் போனால் லெட்டையே பயன்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போதும் புரியும்.

மாறிகளால் வரும் பிழைகள்

டர்டிலுக்குத் தான் நிற்கும் பேட்ச்சின் மாறிகள் நேரடியாகத் தெரியும். பிகலர் என்று எழுதினால் காலடிக் கட்டத்தின் நிறம். எதிர்த்திசையில் இது நடக்காது, ஏனென்றால் ஒரு கட்டத்தில் பத்து டர்டில்கள் இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். அதனால் ‘ஆஸ்க் பேட்சஸ் [ செட் கலர் ரெட் ]’ பிழை தரும். கட்டத்தின் நிறத்தைத்தான் சொல்கிறீர்கள் என்றால் பிகலர். அதில் நிற்பவர்களின் நிறம் என்றால் ‘ஆஸ்க் டர்டில்ஸ்-ஹியர்’.

அப்சர்வர் டர்டிலின் மாறியைப் படிக்க முயன்றால், யாருடைய மதிப்பு என்று சொல்ல வேண்டும்: ‘[ எனர்ஜி ] ஆஃப் டர்டில் 0’ என்றோ, ‘மீன் [ எனர்ஜி ] ஆஃப் டர்டில்ஸ்’ என்றோ. இந்தப் பிழையைத் தவிர்க்க எனர்ஜியை குளோபல்ஸுக்கு மாற்றிவிடுவது சிலர் செய்யும் வேலை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிழை போய்விடும், ஆனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓர் எனர்ஜிதான் இருக்கும். ஒருவர் நடந்தால் எல்லோரும் களைப்பார்கள்.

நிரல் சரியாக இருந்தும் பிழை வந்தால்

பட்டனைப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் செய்பவர் யார் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் உண்டு. செட்டப் பட்டனில் அது டர்டில்ஸ் என்று மாறியிருந்தால், கிளியர்-ஆல் உள்ள செட்டப்பை அது ஓட்டாது. கட்டளைகளை நேரடியாகத் தட்டிப் பார்க்கும் கமாண்ட் சென்டரிலும் இடப்பக்கம் அதே தேர்வு இருக்கிறது. செட்டப், கோ இரண்டும் அப்சர்வருடையவை. மாடலின் கடிகாரத்தை ஒரு படி நகர்த்தும் டிக் கட்டளையும் அப்படித்தான்; கோவுக்குள் அதை ஆஸ்க்கின் மூடும் அடைப்புக்குறிக்கு வெளியே வையுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு வருபவை

சில பிழைகள் கம்பைலரைத் தாண்டி, ஓடும்போதுதான் முளைக்கும். ‘டர்டில்ஸ் முழுவதையும் ஆஸ்க் செய்ய அப்சர்வரால் மட்டுமே முடியும்’ என்பது அவற்றில் ஒன்று. ஆஸ்க் டர்டில்ஸுக்குள் இன்னொரு ஆஸ்க் டர்டில்ஸ் எழுதினால் வரும். நூறு பேர் நூறு பேரிடமும் கேட்டால் பத்தாயிரம் செயல். பெரும்பாலும் அது தவறுதலாக எழுதியதாகவே இருக்கும் என்பதால் நெட்லோகோ தடுக்கிறது. ஒரு புரொசீஜருக்குள் ஏற்கெனவே ஆஸ்க் இருப்பதை மறந்து, அதை ஆஸ்க்குக்குள்ளிருந்து அழைப்பதுதான் வழக்கமான காரணம். உள்ளே இருக்கும் ஆஸ்க்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் தொட வேண்டும் என்பதே உங்கள் எண்ணம் என்றால் ‘ஆஸ்க் அதர் டர்டில்ஸ்’ என்று எழுதலாம்.

இன்னொன்று நோபடி. ‘ஒன்-ஆஃப் அதர் டர்டில்ஸ்’ என்று கேட்கும்போது வேறு டர்டிலே இல்லையென்றால் நோபடி கிடைக்கும். அதோடு லிங்க் போட முடியாது. லிங்க் உருவாக்கும் மாடல்களில், முதல் டர்டில் பிறந்தவுடனேயே இணைப்புத் தேடினால் இது நிச்சயம் வரும். முதலில் உள்மாறியில் எடுத்து, நோபடி இல்லை என்று பார்த்த பிறகு இணையுங்கள்:

  லெட் பார்ட்னர் ஒன்-ஆஃப் அதர் டர்டில்ஸ்
  இஃப் பார்ட்னர் != நோபடி [ கிரியேட்-லிங்க்-வித் பார்ட்னர் ]

அப்புறம், ஆஸ்க் டர்டில்ஸுக்குள் ஹேட்ச் போட்டால் பிறந்தவர்களும் ஹேட்ச் செய்து முடிவில்லாமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். ஆஸ்க் தொடங்கும்போது இருந்தவர்கள் மட்டுமே அந்தச் சுற்றில் செயல்படுவார்கள்.

மீசாவிலும் ரீபாஸ்ட்டிலும்

கருவி மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. பைத்தானில் இயங்கும் மீசாவின் 3.0 பதிப்பில் ஏஜெண்ட்டுக்கு எண்ணை நாம் கொடுப்பதில்லை. மாடலை மட்டும் கொடுத்தால் அதுவே எண் வழங்கிப் பதிவுசெய்துகொள்ளும். பழைய நிரலில் யுனிக்-ஐடியை முதலாகவும் மாடலை இரண்டாவதாகவும் அனுப்பும் வரி இங்கே உடையும். மாடலின் சொந்த இனிட்டில் (மாடல் உருவாகும்போது ஓடும் பகுதி) தாய் வகுப்பை அழைக்கும் சூப்பர் அழைப்பு முதல் வரியாக இருப்பதும் அவசியம். பதிவேடு உருவாகும் முன் அதில் யாரையும் சேர்க்க முடியாது.

ஜாவாவில் எழுதும் ரீபாஸ்ட் சிம்ஃபனியில் கான்டெக்ஸ்ட் என்பது ஏஜெண்ட்களைத் தாங்கும் ஒரு தனிப் பொருளே. ஏஜெண்ட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குள் இருந்துகொண்டே கான்டெக்ஸ்ட்யூட்டில்ஸிடம் “நான் எந்தக் கான்டெக்ஸ்ட்டில் இருக்கிறேன்” என்று கேட்டால் ‘நல்’ (எதுவுமில்லை என்ற மதிப்பு) வரும், அதைத் தொட்டதும் நல்-பாயிண்டர் பிழை வரும். ஏஜெண்ட் இன்னும் எதிலும் சேரவில்லை என்பதுதான் காரணம். முதலில் பொருளை உருவாக்கி, கான்டெக்ஸ்ட்டில் ஆட் செய்து, அதன் பிறகு கிரிட்டில் இடம் கொடுங்கள். அக்கம்பக்கத்தைத் தேடும் வேலையைக் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து எடுத்து, திட்டமிட்ட முதல் செயலுக்குத் தள்ளிவையுங்கள்.

திருத்திய பின் செய்ய வேண்டிய சோதனை

செட்டப்பை மட்டும் ஓட்டி, கமாண்ட் சென்டரில் ‘ஷோ கவுண்ட் டர்டில்ஸ்’ தட்டுங்கள். எதிர்பார்த்த எண்ணிக்கைதானா? பிறகு ‘ஷோ சம் [ எனர்ஜி ] ஆஃப் டர்டில்ஸ்’. இனப்பெருக்கம் தவிர மற்ற எல்லாவற்றையும் அரைப்புள்ளியால் முடக்கிவிட்டு ‘கோ’ புரொசீஜரை ஒரே ஒரு முறை ஓட்டி, இரண்டையும் மறுபடி கேளுங்கள். எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும், மொத்த எனர்ஜி அப்படியே இருக்க வேண்டும். அது கூடியிருந்தால், ஹேட்ச்சுக்கு முந்தைய வரிக்குப் போங்கள்.